ஹோல்ப்ரூக்கில் லாரபி நின்றதில்லை

ஜூலை பிறந்தால் ஹோல்ப்ரூக் ஊர்க்காரர்கள் ஒரு சனிக்கிழமை பார்த்து, லாரபி கார் ஆலை இருந்த இடத்தில் கூடுவார்கள். ஆலையை இடித்துப் புல் விதைத்துவிட்டார்கள். ஆனாலும் வாசல் எங்கே இருந்தது, பெயின்ட் அடிக்கும் கூடம் எங்கே இருந்தது என்பதெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். அவரவர் வேலை பார்த்த இடத்தில்தான் அவரவர் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இது விளங்காது. ஒரு மூலையில் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நடுவே அகலமாகப் புல் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் இடத்தின் ஆட்கள் செத்துப்போயிருப்பார்கள்.

இந்த வருஷம் கார்புரேட்டர் பிரிவு இருந்த இடம் காலி. அந்தப் பிரிவின் மேஸ்திரி செட் டுடெக் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் அர்லீனின் தங்கை லெனோரின் புருஷன். அர்லீன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தக் காலிப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். செட்டின் சாவுக்கு அவள் அழவில்லை. அழாததை யாரும் கவனிக்கவும் இல்லை. தான் அழுதாலும் அழாவிட்டாலும் இந்த ஊருக்கு ஒன்றுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றியது.

பக்கத்தில் அவள் கணவன் நார்பர்ட் தங்கள் சென்டினலின் பானெட்டைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். லாரபி கார்களில் அந்த ரகத்துக்குத்தான் ஊரில் மவுசு. அவன் கடைசிப் பரிசோதனையில் இருந்தவன். ஆலையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு காரும் அவன் கை பட்டுத்தான் போனது.

மேஜைகளில் சாசேஜும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கு சாலடும் வந்து இறங்க, வழக்கமான பேச்சும் ஆரம்பித்தது. குதிரை வண்டிக்குச் சக்கரம் செய்த இரண்டு அண்ணன் தம்பிகள் முதல் லாரபியைச் செய்தது, சண்டைக் காலத்தில் ஆம்புலன்ஸ் செய்து கொடுத்தது, ஒரு காலத்தில் சிகாகோ டாக்சிகளில் பாதி லாரபியாக இருந்தது, பிறகு பெரிய கம்பெனி ஒன்று வாங்கிப்போட்டு, ஆளைக் குறைத்து, ரகத்தைக் குறைத்து, கடைசியில் பெயரையே துடைத்தது. முடிவு எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் அவரவர் கார் எத்தனை லட்சம் மைல் ஓடியது என்று சொல்வார்கள். ஒரு நாள் கூட மக்கர் செய்ததில்லை, எண்ணெய் மாற்றியதோடு சரி என்பார்கள். கோவில் ஜபம் போல இதற்கு ஒரு ராகமே வந்துவிட்டிருந்தது.

இந்த வருஷம் அந்த ராகத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள மாரா என்ற பெண் வந்திருந்தாள். லாரபியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறாளாம். அதற்காக நாடு முழுவதும் லாரபி வைத்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, கார் உழைத்ததா, படுத்ததா, எதில் படுத்தது என்று கேட்டு வைத்திருந்தாள். நார்பர்ட்டிடம் அவள் நேராகவே விஷயத்துக்கு வந்தாள். டெக்சாஸ், ஒஹாயோ, ஜார்ஜியா, எங்கே கேட்டாலும் சென்டினலைப் பற்றி ஒரே புகார். எஞ்சின் சூடாக இருக்கும்போது இடது பக்கம் திருப்பினால் வண்டி அப்படியே அணைந்துவிடுகிறது. ஸ்டீரிங் கல்லாகிவிடுகிறது, பிரேக்கும் இறுகிவிடுகிறது. ஆனால் ஹோல்ப்ரூக்கில் மட்டும் ஒருவர் கூட அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்குன்னு தனியா செஞ்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு ஓட்டத் தெரியும்" என்றான் நார்பர்ட். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாராவும் சிரித்துவிட்டு, கம்பெனியும் அப்படித்தான் நினைத்தது என்றாள். வருஷா வருஷம் வாங்கியவர்களிடம் கருத்துக் கேட்பார்கள். செய்த ஊரிலேயே குறை இல்லை என்று பதில் வந்ததால், வெளியூர்க்காரர்கள் ஓட்டுவதில்தான் தப்பு என்று முடிவு கட்டி, எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரை அவர்கள் வெகுகாலம் தொடவே இல்லை. தொட்டபோது லாரபி என்றால் நடுரோட்டில் நிற்கும் வண்டி என்று நாடெல்லாம் பேராகியிருந்தது.

சிரிப்பு நின்றது. பெயின்ட் பிரிவில் இருந்த ஹெர்ப் மட்டும், ஆபீஸ்காரன்களுக்கு எப்போதும் யார் மேலாவது பழி போட வேண்டும் என்று முனகினான்.

அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் வீட்டில் பதில் எழுதிய விதம் அர்லீனுக்கு ஞாபகம் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் நார்பர்ட் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று போடுவான். நம்ம காரை நாமே குறை சொன்னால் கம்பெனிக்காரன் ஷிஃப்டைக் குறைப்பான் என்பான். தெரு முழுக்க அப்படித்தான் போட்டார்கள். பொய் சொல்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அவர்கள் கார் உண்மையிலேயே நின்றதில்லை. நிற்காமல் ஓட்ட அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. இடது பக்கம் ஒடிக்கும் முன்னால் கியரை நியூட்ரலுக்குத் தட்டி, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி இழுத்துப் போட வேண்டும். ஊரில் அதற்குத் 'தட்டு' என்று பேர். புதுக் கார் வந்த அன்றைக்கே நார்பர்ட் அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தான், இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்ளச் சொல்வது போல, கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்வது போல.

அது ஒரு கோளாறுக்கான வைத்தியம் என்பதே அவளுக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து மகள் டெனிஸ் கொலம்பஸில் வேலைக்குப் போய் ஜப்பான் கார் வாங்கினாள். அதை வீட்டு வாசலில் நிறுத்த நார்பர்ட் விடவில்லை. தெருக்கோடியில் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள் அந்தப் பெண். மறுநாள் கடைக்குப் போக அர்லீன் அதை ஓட்டினாள். இடது திருப்பத்தில் கை தானாகப் போய்க் கியரைத் தட்டியது. "என்னம்மா பண்றே?" என்று அலறினாள் டெனிஸ். திரும்பும்போதுதான் என்றாள் அர்லீன். எதுக்கு என்றாள் மகள். வேறு கார்களுக்கு இந்தத் தட்டு தேவையே இல்லை என்று அர்லீனுக்கு உறைத்தது. கடை வாசலில் காரை நிறுத்தி, ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் தங்கை லெனோர் எப்படிச் செத்தாள் என்பது அவளுக்குப் புரிந்தது.

லெனோர் சென்டினல் வாங்கும் வரை பழைய லாரபி ஓட்டியவள். அதில் இந்தத் தொல்லை கிடையாது. சென்டினல் வந்து இரண்டாம் மாதம், அறுவடைக் காலத்து வெயில் நாளொன்றில், சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் இடது பக்கம் திரும்பினாள். திருப்பத்தின் நடுவில் கார் நின்றது. எதிரே சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு ஏற்றிய லாரி. ஊர் அவளைப் பற்றிப் பேசியதை அர்லீன் மறக்கவில்லை. எப்போதும் கனவு கண்டுகொண்டே ஓட்டுவாள் என்றார்கள். தோழி வீட்டில் ஒரு கிளாஸ் குடித்திருப்பாள் என்றார்கள். பாதிரியார் கூட, இளமையின் அஜாக்கிரதை என்று பிரசங்கத்தில் மெதுவாகத் தொட்டுவிட்டுப் போனார். லெனோரின் மகன் டேரலுக்கு அப்போது ஐந்து வயது. இத்தனையும் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான்.

புரிந்த பிறகும் அர்லீன் வாயைத் திறக்கவில்லை. செட் இருந்தான். ஆலை இருந்தது. பிறகு ஆலை இல்லை, அப்போதும் செட் இருந்தான். சொல்லாமல் வைத்திருந்தது உள்ளே கிடந்து கெட்டியாகிவிட்டது. அதைச் சுற்றியே அவள் சமைத்தாள், துவைத்தாள், நார்பர்ட்டின் பக்கத்தில் படுத்தாள்.

டேரல் சாசேஜ் தட்டோடு அவர்கள் பக்கம் வந்தான். மாரா அவனையும் கேட்டாள். அவன் அப்பாவைப் பற்றிப் பெருமையாக நிறையச் சொன்னான். பிறகு தானாகவே, "எங்கம்மா சென்டினல்லதான் செத்தாங்க" என்றான். "அது கார் மேல தப்பு இல்லீங்க. அவங்களுக்கு ஓட்டும்போது கவனம் பத்தாது. வேணும்னா அதையும் எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். பள்ளிக்கூடத்திலேயே பழகிக்கொண்ட சிரிப்பு. பிறர் சொல்லுமுன் தானே சொல்லிவிடுகிறவனின் சிரிப்பு. அர்லீனால் அதைத் தாங்க முடியவில்லை.

"கார் நின்னுடுச்சு, டேரல்" என்றாள். "உங்கம்மா ஒழுங்காத்தான் ஓட்டினா. கார்தான் நின்னுச்சு."

நார்பர்ட்டின் துணி பானெட்டில் அப்படியே நின்றது. ஹெர்ப் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "வெயில்ல ரொம்ப நேரம் உக்காந்துட்ட, அர்லீன். யாராவது இவளுக்கு ஒரு சோடா குடுங்கப்பா."

"நின்னுச்சு, ஹெர்ப்."

"சரி, நின்னுச்சுன்னே வெச்சுக்க. சூடான வண்டியத் தட்டாம ஒடிச்சா நிக்காம என்ன செய்யும்? பச்சப் புள்ளைக்கும் தெரியுமே அது. அவ தட்டல. அப்ப அது யாரு தப்பு?"

"தட்டறதுன்னா என்ன?" என்று கேட்டாள் மாரா.

இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்ததை ஒரு மூச்சில் கொட்டிவிட்டோம் என்று ஹெர்ப்புக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் அவரவர் தட்டில் இருந்த முட்டைக்கோஸைப் பார்த்தார்கள். இந்த மௌனத்துக்கு வெளியே நிற்பது எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று அர்லீன் நினைத்தாள். பயமாகவும் இருந்தது.

"அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல" என்றாள்.

"செட் சொல்லாமயா இருந்திருப்பான்?" என்றான் நார்பர்ட். குரல் தாழ்ந்திருந்தது. இதோடு விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம்.

"செட் வீட்ல அந்தப் பேச்சே கூடாது. என் கார்புரேட்டர் நிக்காது, தட்டறவன் என்னை அவமானப்படுத்தறான்னு நம்ம மேஜையில உக்காந்துதான சொன்னான்? நீதான அவனுக்குப் பீர் ஊத்திக் குடுத்தே, நார்ப்."

நார்பர்ட் கையிலிருந்த துணியை நான்காக மடித்தான். அதை மறுபடி பிரித்தான்.

டேரல் தன் தட்டை மெதுவாக மேஜையில் வைத்தான். அவன் முகத்தில் அர்லீன் ஒரு விடுதலையைத் தேடினாள். பல வருஷங்களாக அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த காட்சியில், இந்த இடத்தில் அவன் அழுவான், அவள் அவனைக் கட்டிக்கொள்வாள். ஆனால் அவன் கண் வறண்டிருந்தது.

"எனக்குத் தெரியும், பெரியம்மா" என்றான்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"பதினாறு வயசுல அப்பா எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. மொதல் நாளே தட்டச் சொல்லிக் குடுத்தாரு. சொல்லிட்டு அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் முட்டாள் இல்ல." அவன் நிறுத்தி மூச்சு விட்டான். "அம்மாவுக்குக் கவனமில்லன்னா எனக்கு அம்மா ஒருத்திதான் போனாங்க. நீங்க சொல்றத ஊர்ல சொல்லிட்டுத் திரிஞ்சா அப்பாவும் போயிடுவாரு. என்னை வளத்தது அவருதான். தெனமும் சாண்ட்விச் ஓரத்த வெட்டி டப்பாவுல போட்டுக் குடுத்தவரு."

"அவ மேல பழி இருக்கே, டேரல்."

"அவங்களுக்கு இனிமே வலிக்காது."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. வெகுநாள் முன்பே யோசித்து முடிவெடுத்தவனின் குரல். தான் காப்பாற்ற வந்த பிள்ளை ஊர் இருக்கும் கரையிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டதை அர்லீன் பார்த்தாள். லெனோருக்கு இந்த உலகத்தில் தன்னைத் தவிர ஆளில்லை. தானும் வெகுகாலம் தாமதித்து வந்த ஆள்.

டேரல் மாராவிடம் திரும்பினான். தன் அம்மாவைப் பற்றி ஒரு வரி கூட வரக்கூடாது, பேர் வரக்கூடாது, மகன் என்ற முறையில் கேட்கிறேன் என்றான். மாரா அர்லீனைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். மகன் வேண்டாம் என்றால் தன்னால் எழுத முடியாது என்றாள். அவன் நன்றி சொல்லிவிட்டுத் தன் மனைவி இருந்த மேஜைக்குப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். தட்டில் மீதி இருந்தவர்கள் கூட எழுந்து போனார்கள்.

நார்பர்ட் மட்டும் போகவில்லை. காருக்கு மறுபக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"ஸாரிம்மா" என்றாள் மாரா.

"என் காரைப் பத்தி எழுதலாமில்ல?" என்றாள் அர்லீன். "அது என் சொந்த விஷயம்தான?"

எழுதலாம் என்றாள் மாரா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டாள். அர்லீன் ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். வாங்கிய முதல் கோடையிலிருந்தே கோளாறு. தட்டினால் ஓடும், தட்டாவிட்டால் நிற்கும். கடைசி வரை சரிசெய்யப்படவில்லை. இந்த ஊரில் எல்லார் காரும் அப்படித்தான். காருக்கு மறுபக்கத்திலிருந்து, "அர்லீன்" என்று ஒரே ஒரு தடவை நார்பர்ட்டின் குரல் வந்தது. அவள் பேசுவதை நிறுத்தவில்லை. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைக்குப் போன கதையைச் சொல்வது போல இருந்தது.

"கடைசிக் கேள்வி" என்றாள் மாரா. "இந்தக் காரை மறுபடியும் வாங்குவீங்களா?"

"வாங்கறது என்னைக்குமே என் கையில இருந்ததில்ல."

"ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும்."

நார்பர்ட் பானெட்டுக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருமணத்தன்று தேவாலயத்தில் சம்மதம் சொல்லப்போகும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது போல, அவ்வளவு கவனமாக.

"அப்ப, இல்லைன்னு போடு" என்றாள் அர்லீன்.