நூற்று நாற்பத்திரண்டாவது சீட்டு

நார்வேயின் எல்லையோரக் கிராமமான தோர்மோவில் ஓட்டுப் போட்ட ஆண்கள் நூற்று நாற்பத்திரண்டு பேர். பாதிரியார் தேவாலய வாசலுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கணக்கை வாசித்தார்.

"ஆம், நூற்று நாற்பத்தொன்று."

தொப்பிகள் ஆகாயத்துக்குப் பறந்தன. பாதிரியார் கையைக் காட்டி அடக்கிவிட்டு மிச்சத்தையும் வாசித்தார்.

"இல்லை, ஒன்று."

அவ்வளவுதான். ஆரவாரம் அப்படியே அடங்கிப் போயிற்று. ஓட்டில்லாத பெண்கள் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் காபிப் பானையோடு காத்திருந்தார்கள். அத்தனை தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. திரும்பிய தலைகள் கெர்ஸ்டியைத்தான் பார்த்தன. பிறகு அவள் புருஷன் எம்ப்ரெட்டைப் பார்த்தன.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? கெர்ஸ்டி ஸ்வீடன்காரி. காட்டுக்கு அந்தப் பக்கம், அரை நாள் நடைத் தொலைவில் பிறந்தவள். கல்யாணமாகி வந்து பத்தொன்பது வருஷம். ஒரே மகள் தலைநகர் கிறிஸ்டியானியாவில் வேலைக்குப் போய்விட்டாள். இந்த ஜூன் மாதம் வரை கெர்ஸ்டி வேற்று நாட்டுக்காரி என்பதே யாருக்கும் நினைவில்லை. அவளுக்கே நினைவில்லை.

அந்த 1905 ஜூனில்தான் எல்லாம் தலைகீழாயிற்று. தொண்ணூற்றொரு வருஷமாக நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் ஒரே ராஜா. அவர் ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சீவர், மாவு நிறுத்துக்கொண்டே விவகாரத்தை ஊருக்கு விளக்குவார்: "நம்ம கப்பல் உலகம் பூரா போகுது. அங்க நம்ம ஆளுக்கு ஒரு கஷ்டம்னா ஸ்வீடன்காரன் முன்னாடி போய்க் கையைக் கட்டிட்டு நிக்கணுமாக்கும்! நமக்குன்னு தனியா தூதர் வெச்சுக்கிறோம்னா ராஜா கையெழுத்துப் போட மாட்டாராம். போய்யா நீயும் உன் ராஜாவும்!" தோர்மோவில் மரக்கட்டைத் தெப்பத்தை விடப் பெரிய கப்பலைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. சும்மா சொல்லக்கூடாது, கெர்ஸ்டிக்கே சீவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. நாடாளுமன்றம் உறவு முறிந்தது என்று அறிவித்தது. உங்கள் ஜனங்கள் அப்படிச் சொல்கிறார்களா என்று ஸ்வீடன் கேட்டது. அதற்குத்தான் இந்த ஓட்டு. எல்லையில் இரண்டு பக்கமும் சிப்பாய்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

கடையில் கெர்ஸ்டி வாயைத் திறந்தாலே இளைஞர்கள் அவள் பேச்சை இழுத்து இழுத்துப் பழித்துக் காட்டினார்கள். எம்ப்ரெட் பக்கத்தில் நிற்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் எப்போதுமே ஒன்றும் சொல்லாதவன்தான்.

அன்றைக்கும் வண்டியில் வீடு திரும்பும்போது அவன் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நூற்று நாற்பத்தொரு பேர் ஒரு பக்கம், இந்த ஊமை மனுஷன் ஒருத்தன் ஒரு பக்கம். எனக்காக. ஐயோ, இவனையா இத்தனை வருஷம் மரக்கட்டை என்று திட்டினேன்?

வீட்டுக்கு வந்ததும் புளித்த பாலேட்டை ஊற்றிக் கஞ்சி காய்ச்சி, மேலே வெண்ணெய் மிதக்கவிட்டு அவன் முன்னால் வைத்தாள். அறுவடைத் திருநாளுக்கு மட்டும் செய்கிற கஞ்சி அது. எம்ப்ரெட் கஞ்சியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கரண்டியை எடுத்தான்.

"நல்லாருக்கு," என்றான். பத்தொன்பது வருஷத்தில் சொல்லாத வார்த்தை.

மறுநாள் திங்கட்கிழமை, புல் வேலையில் அவர்கள் வீட்டு முறை. ஒரு வீட்டுக்கு ஊரே சேர்ந்து வந்து வேலை செய்துகொடுப்பதும், அடுத்த நாள் இவர்கள் அடுத்த வீட்டுக்குப் போவதும் அங்கே வழக்கம். வெட்டின புல் மேட்டு நிலத்தில் கிடந்தது. அதைக் கம்பு நட்டுக் கட்டின கொடிகளில் ஏற்றிக் காயப்போட்டால்தான் குளிர்காலத்துக்கு மாடுகள் தப்பும். பன்னிரண்டு பேருக்குக் காபியும் ரொட்டியும் தயார் பண்ணிவிட்டுக் கெர்ஸ்டி வாசலில் நின்றாள். மத்தியானம்வரை நின்றாள். ஒரு நாய்கூட வரவில்லை. இரண்டு பேருமாக முடிந்தவரை ஏற்றினார்கள். புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தரையில் கிடந்தது பாதிக்கு மேல் கறுத்துப் போயிற்று.

இதற்கெல்லாம் அவள் அழுதிருக்க வேண்டும். அழவில்லையே! நனைந்த புல்லைப் புரட்டிக்கொண்டே ஊர்ப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பாட்டு. எம்ப்ரெட் ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"கெர்ஸ்டி, ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும்," என்று அவன் காலரில் ஒட்டியிருந்த துரும்பைத் தட்டிவிட்டாள். அவன் குனிந்து புல்லை அள்ளினான்.

வெள்ளிக்கிழமை பெர்னில் வந்தாள். வந்தாள் என்றா சொல்வது, தாண்டிப் போனாள். நாடு முழுக்கப் பெண்கள், எங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டால் என்ன, ஆம் என்று கையெழுத்தாவது போடுகிறோம் என்று தாள் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்த வாரம் அது. பெர்னில் கெர்ஸ்டியின் மகளுக்கு ஞானத்தாய். பக்கத்து வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இந்த வேலிக் கதவைப் பார்க்காதவள்போல் இரண்டு பெண்களோடு நடந்தாள்.

"பெர்னில்! என் வீடு கண்ணுக்குத் தெரியலையாடி?"

பெர்னில் நின்றாள். முகம் சிவந்துபோயிற்று. "தெரியுது. உன் புருஷன் ஊர் மூஞ்சில கரியைப் பூசினதும் தெரியுது. பக்கத்து ஊர்லயெல்லாம் நூத்துக்கு நூறாம். நம்ம ஊருக்கு மட்டும் ஒரு கரும்புள்ளி."

"ஆமாம், பூசினான்! இல்லைன்னு போட்டான். என்கிட்டயே சொன்னான்," என்றாள் கெர்ஸ்டி. அவன் எங்கே சொன்னான்? ஆனால் வாய் முந்திக்கொண்டது. "உங்க வீட்டு ஆம்பளைங்க அத்தனை பேரும் மந்தையா போனாங்க. என் வீட்டுக்காரன் ஒருத்தன்தான் பொண்டாட்டிக்காக நின்னான். உனக்கு அப்படி ஒருத்தன் இருக்கானாடி?"

மூன்று பெண்களும் விடுவிடுவென்று போய்விட்டார்கள். கெர்ஸ்டி வேலிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். அப்படி ஒரு திருப்தியை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

சனிக்கிழமை காலை எம்ப்ரெட் தொழுவத்திலிருந்து குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். யாரோ அதன் வாலை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். குதிரை ஈ விரட்ட முடியாமல் தவித்தது. எம்ப்ரெட் வாசற்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"கடையில பேசிக்கிறாங்க. யார்கிட்டடி சொன்னே, நான் இல்லைன்னு போட்டேன்னு?"

"பெர்னில்கிட்ட. ஏன், சொன்னா என்ன? நமக்கென்ன பயம்?"

"நான் ஆம்னுதான் போட்டேன், கெர்ஸ்டி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படியிறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"பின்ன என்ன பண்ணச் சொல்றே?" அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது ராஜா சமாச்சாரம், தூதர் சமாச்சாரம். உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஊரே போடுது, நானும் போட்டேன். சீவர்கிட்ட திங்கட்கிழமையே சொல்லிட்டேன். அவன் நம்பாம சிரிச்சான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. என்னை அப்படி நீ பார்த்ததே இல்ல. விட மனசு வரல."

கெர்ஸ்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் ஒதுக்கினது உறைக்கவில்லை, புல் அழுகினது உறைக்கவில்லை. இதுதான் உறைத்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. கஞ்சி காய்ச்சினாளே, பெர்னிலிடம் மார்தட்டினாளே, அத்தனைக்கும் கீழே ஒன்றுமே இல்லை.

"நாளைக்குக் கோயில்ல எல்லார் முன்னாடியும் பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்றேன்," என்று எம்ப்ரெட் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னான். "நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா குளிர்காலத்துல நாலு மாடும் செத்துடும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்ததும் அவன் பாதிரியாரின் பைபிளை வாங்கிக் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நடிக்காதய்யா," என்றார் சீவர். "உன் பொண்டாட்டியே சொல்லிட்டாளே, இப்ப என்ன புதுசா சத்தியம்?"

"என் முகத்துக்கு நேரா சொன்னா," என்றாள் பெர்னில்.

பாதிரியார் கெர்ஸ்டியைப் பார்த்தார். "ரகசிய ஓட்டு. யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஆனா நீயா ஏதாவது சொல்லணும்னா சொல்லும்மா."

சொல்லத்தான் வந்திருந்தாள். நான் சொன்னது பொய், என் புருஷன் உங்களில் ஒருத்தன்தான். இவ்வளவு சொன்னால் போதும். நாளைக்கே பன்னிரண்டு பேர் வருவார்கள், மிச்சப் புல்லாவது தேறும். பெர்னில் கையெழுத்துத் தாளை நீட்டுவாள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் சீவர் முந்திக்கொண்டார். "சரிய்யா, அது எம்ப்ரெட் கிடையாதுன்னே வெச்சுக்குவோம். அப்போ வேற எவன்? இன்னைக்கு விடக்கூடாது. புஸ்தகத்தைக் கையில வாங்கியாச்சு. ஒருத்தன் பாக்கியில்லாம வரிசையா வந்து சத்தியம் பண்ணட்டும். எவன் கை நடுங்குதுன்னு பாத்துடுவோம்!"

"அதான் சரி!" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. பாதிரியார் வேண்டாம் வேண்டாம் என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் நிற்பவனிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

கெர்ஸ்டியும் பார்த்தாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கூட்டத்துக்குள் அவன் இருக்கிறான். எதற்காக அப்படிப் போட்டானோ, ராஜாவுக்காகவோ, சண்டைக்குப் பயந்தோ, சும்மா வீம்புக்கோ. அவளுக்காக இருக்காது. ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் போனபோது போகாத ஒருவன் இருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனைப் பிடித்துவிடுவார்கள். அவன் வீட்டுப் புல்லும் அழுகும், அவன் குதிரை வாலும் போகும்.

"யாரும் சத்தியம் பண்ண வேண்டாம்," என்றாள். "எம்ப்ரெட்தான். இல்லைன்னுதான் போட்டான். மாட்டுக்குப் புல் போச்சேன்னு பயந்துபோய் இப்போ மாத்திச் சொல்றான்."

எம்ப்ரெட்டின் கை இன்னும் பைபிள் மேல் இருந்தது. சீவர் காறித் துப்பினார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கலைந்தவர்களில் யார் முகத்திலாவது ஒரு நிம்மதி தெரிகிறதா என்று கெர்ஸ்டி தேடினாள். எல்லோருக்குமே நிம்மதியாகத்தான் இருந்தது. அவர்களில் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாதி வழியில் எம்ப்ரெட் வண்டியை நிறுத்தினான்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே? ஊர் முன்னாடி என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணினவனா ஆக்கிட்டியே. பைபிள் மேல, கெர்ஸ்டி!"

"தெரியும்."

"யாரோ ஒருத்தனுக்காகவா? அவன் யாருன்னுகூடத் தெரியாது. நான் உன் புருஷன்."

"ஆமா, புருஷன்தான். அவங்க என்னைப் பழிச்சுக் காட்டறப்ப எல்லாம் பக்கத்துலயேதான் நின்னே. நான் பண்ணினது தப்புதான். உன்னைக் கேட்காம உன்னை வித்துட்டேன். ஆனா அவனைப் பிடிச்சுக் குடுத்துட்டு நான் எப்படி இந்த ஊர்ல சோறு தின்பேன்?"

அவன் குதிரையின் மொட்டை வாலைப் பார்த்தான். மேட்டு நிலத்தில் மிச்சப் புல் கிடந்தது. இரண்டு பேர் பத்து நாள் வேலை செய்தாலும் தீராது. இரண்டு மாட்டையாவது விற்றாக வேண்டும், அதுவும் இந்த ஊரில் வாங்குவார் கிடையாது.

"இவ்வளவு அடியும் வாங்கினதுக்கு," என்றான் கடைசியில், "நான் நெஜமாவே இல்லைன்னே போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம், எம்ப்ரெட்," என்றாள் கெர்ஸ்டி. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. "போட்டிருக்கலாமே!"