சந்தைக்காரியின் விசிறி

விசிறுவதை நிறுத்தினால் சிதம்பரம் கண்ணைத் திறந்தார். குறை சொல்கிற பார்வை இல்லை. என்ன ஆயிற்று என்று விசாரிக்கிற பார்வை. அதனால் வலது கை ஓய்ந்தபோது சியாமளா இடது கைக்கு மாற்றிக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. சுவரில் மாட்டிய குடுவையில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் காற்றே இல்லை என்று காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது அடுப்பு விசிறுகிற விசிறி. ஏதோ ஓலையில் சதுரமாக முடைந்து, குச்சியில் செருகியிருந்தது. ஓரத்தில் கரி படிந்து கறுத்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் மூச்சு முட்ட முட்டக் கையைக் காட்டி, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் அதையும் அவருடைய மப்ளரையும் பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

மப்ளர் இல்லாமல் அவர் வெளியே கிளம்புகிற ஆள் இல்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், இலை உதிரத் தொடங்கினால் போதும், காதை மூடிச் சுற்றிக்கொண்டுவிடுவார். பல்வலியா என்று ஆபீசில் கேட்பார்கள். காதுக்குள் பனி ஏறுவது என்றால் என்னவென்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று வீட்டுக்கு வந்து சிரிப்பார்.

காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வலி எப்போது ஆரம்பித்தது என்பதுதான். சியாமளா வாயைத் திறப்பதற்குள் சிதம்பரம் பதில் சொல்லிவிட்டார். நேற்று. ஜெர்மனில் ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த டாக்டர் சியாமளாவைத் தனியே அழைத்துப் போனாள். இளம் பெண். ஒவ்வொரு சொல்லையும் அடி வைத்து நடப்பதுபோல மெதுவாகச் சொன்னாள். இது நேற்று வந்த அட்டாக் இல்லை. சில நாள் ஆகியிருக்கிறது. தசை செத்துப்போன இடத்தில் இதயத்தின் சுவர் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் மேசையிலேயே போய்விடுவார் என்று சர்ஜன்கள் நினைக்கிறார்கள். அவருக்குச் சிரமம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதுதான் இனி செய்ய முடிந்தது. பிறகு, குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லாமல், மறுபடியும் கேட்டாள். முன்னால் ஏதாவது வலி இருந்ததா?

சியாமளா தெரியவில்லை என்றாள்.

தெரியாமல் என்ன? போன ஞாயிற்றுக்கிழமை. மெக்சிகோ நகரத்தில், லகுனியா சந்தையில்.

கம்பெனி அவரை அங்கே ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளையும் கூட்டிப்போனார். கடைசி ஞாயிறு ஹோட்டலிலேயே படுத்திருக்கலாம் என்றார், அசதியாக இருக்கிறது என்று. அவள்தான் கேட்கவில்லை. ஸ்பானியர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பிருந்தே அந்த ஊரில் தெருவில் சந்தை கூடுகிற வழக்கம் உண்டென்று அவருடைய ஆபீஸ் நண்பர் சொல்லியிருந்தார். அதைப் பார்க்காமல் போவதா? சியாமளாவுக்குச் சந்தை என்றால் உயிர். கல்யாணமான புதிதில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் அவளைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவருக்கு வேலையாக இருந்தது.

தெருவை அடைத்துச் சிவப்பும் மஞ்சளுமாகத் தார்ப்பாய்கள். பழைய கடிகாரம், சாவிக்கொத்து, கை உடைந்த மரச் சாமி, யாரோ யாருடைய கல்யாணத்திலோ எடுத்துக்கொண்ட போட்டோக்கள். ஒரு முனையில் குன்றுபோலச் செண்டுமல்லி. அச்சு அசல் நம்மூர்ப் பூ. ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்தாள். அதே பச்சை வாசனை. இறந்தவர்கள் வீடு திரும்பும் நாள் இது, அவர்களுக்கு வழி காட்டத்தான் இந்தப் பூ என்று பூக்காரர் போனில் எழுதி மொழிபெயர்த்துக் காட்டினார். அவள் சட்டென்று பூவைக் கீழே போட்டாள். சிதம்பரம் அதைப் பார்த்துச் சிரித்தார்.

சோள அடையில் அவரைப்பருப்பு மாதிரி ஏதோ வைத்துக் கொடுத்ததை வாங்கித் தின்றார்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் அவர் நின்றுவிட்டார். நெஞ்சைத் தடவினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போகுமளவுக்கு வேர்த்துக் கொட்டியது. மெழுகுவர்த்தி விற்ற ஒருத்தி, வயது அறுபது இருக்கும், தான் உட்கார்ந்திருந்த முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பக்கத்தில் தணல் மூட்ட வைத்திருந்த அடுப்பு விசிறியை எடுத்து விசிறினாள். சியாமளா கைப்பையிலிருந்து ஓமவாட்டர் பாட்டிலை எடுத்தாள். பருப்பு தின்றால் வாயு பிடிக்காமல் என்ன செய்யும்? அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நெஞ்சில் வந்ததெல்லாம் வாயுதான். வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான். நெஞ்சு வலி என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஓமத்தைத் தேடுவார்.

மெழுகுவர்த்திக்காரி இல்லை என்று தலையை ஆட்டினாள். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள், இடது தோளிலிருந்து கைவரைக்கும் இழுத்துக் காட்டினாள், போனை எடுத்துக் காதில் வைப்பதுபோலச் செய்தாள். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டாள். ஆட்கள் கூடினார்கள். சந்தையில் இப்படித்தான் கூட்டம் சேர்த்துப் பையை அடிப்பார்கள் என்று சியாமளா எங்கோ வீடியோவில் பார்த்திருந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், கெஞ்சுவதுபோல. சியாமளா அந்தக் கையை உதறினாள்.

அதற்குள் அவர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். "பாத்தியா, கேஸ்தான். சரியாப்போச்சு. வா, இன்னும் அந்தக் கோடி வரைக்கும் பாக்கலியே." எழுந்து நடந்தார். கொஞ்ச தூரத்தில் அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து விசிறியை அவர் கையில் வைத்தாள். சியாமளா நீட்டிய காசைப் பார்க்கவே இல்லை. அவர் நெற்றியில் கட்டைவிரலால் சின்னதாய்ச் சிலுவை வரைந்துவிட்டுத் திரும்பிப் போனாள். இந்த உலகத்தில் அன்றைக்கு அவர்களுக்கென்று ஆண்டவன் அனுப்பிய ஆள் அவள் ஒருத்திதான் என்பது சியாமளாவுக்கு இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது. உதறிய கை அவளுடையது. அதே கைதான் இப்போது விசிறிக்கொண்டிருந்தது.

மதியம் தனி அறைக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே குன்றின் சரிவில் திராட்சைக் கொடிகள் இலையில்லாமல் வரிசையாய் நின்றன. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ், பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள். சாந்தா என்று பேர், யாழ்ப்பாணம். ஐம்பதைத் தொட்டிருப்பாள்.

"அக்கா, எவ்வளவு நேரமா விசுக்கிறியள்? கை நோகேல்லையோ? தாங்கோ இஞ்ச. நீங்கள் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

விசிறி கை மாறிய இடைவெளியில் சிதம்பரம் கண்ணைத் திறந்தார். சாந்தா விசிறினாள். அவர் கண்ணை மூடவில்லை.

"என்ர விசுக்கல் ஐயாவுக்குப் பிடிக்கேல்லைப் போல" என்று சாந்தா விசிறியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. போனவள் தேநீரோடு திரும்பி வந்து, சியாமளாவின் வாயருகே பிடித்து, அவள் விசிற விசிறவே குடிக்க வைத்தாள். 

ஹாம்பர்க்கிலிருந்து மகள் நிவேதிதா ரயிலில் வந்துகொண்டிருந்தாள். வழியில் எங்கோ தண்டவாளத்தில் கோளாறு என்று ரயில் நின்றுவிட்டது. போன் அடித்தபோது சியாமளா அதைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"அம்மா, எப்பதான்மா ஆரம்பிச்சுது?"

"ஞாயித்துக்…" என்று அவள் தொடங்கினாள். சிதம்பரத்தின் கை போர்வைக்கு மேல் எழுந்தது. ஊசி குத்தியிருந்த கை. வேண்டாம் என்று அசைந்தது. ஒருமுறைதான். பிறகு தூக்க முடியாமல் விழுந்தது.

"நேத்துடி" என்றாள்.

"நேத்தே கூட்டிட்டுப் போயிருக்கலாமேம்மா" என்று நிவேதிதா அழுதாள். அந்தப் பொய்யும் சியாமளாவைக் காப்பாற்றவில்லை. இரண்டு நாளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், மூன்றில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டிப்போயிருக்கலாமே என்கிற ஒரு நாள் எப்போதும் மிச்சம் இருக்கும் போலிருந்தது. போனை வைத்தாள். மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்த சாந்தாவுக்கு டாக்டர் எழுதியதெல்லாம் தெரியும். போகிற போக்கில் அவள் சியாமளாவின் மணிக்கட்டைப் பிடித்து லேசாக அழுத்தினாள். சியாமளா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாந்தா போனதும் அவள் குனிந்தாள். காலையிலிருந்து தொண்டையில் நின்ற ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் காதில் விழும்போதே சொல்லிவிட வேண்டும். அப்புறம் சொல்லி என்ன?

"ஏங்க. அந்தப் பொம்பள அன்னிக்குச் சொன்னப்பவே நான்…"

"எவ்ளோ செண்டுமல்லி" என்றார் அவர். கண் மூடியிருந்தது. "மல மாதிரி."

"நான் சொல்றத கேளுங்க. நாந்தான் வாயுன்னு…"

"சியாமு." மூச்சுக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்தார். "அந்த ஏப்பம்… நானா விட்டது."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"சும்மா. காத்த முழுங்கி… விட்டேன். வலி போகல." மறுபடி மூச்சை இழுத்தார். "நீ ஆசையா வந்த. ஒன்ன எங்க கூட்டிட்டுப் போனேன் நான்… இத்தன வருஷமா. அதப் போயி கெடுக்கணுமான்னு…"

விசிறி நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, என்ன ஆயிற்று என்று பார்த்தார்.

அவள் விசிறினாள். அன்றைக்கு அந்தக் கோடிவரை நடந்தார்கள். அவளுக்காக ஒரு பீங்கான் கிண்ணத்தைப் பேரம் பேசினார். தார்ப்பாய் நிழலில் நிற்க வைத்து அவளைப் போட்டோ எடுத்தார். இன்னும் கொஞ்சம் சிரி என்றார். அந்தப் போட்டோவில் அவள் நன்றாகத்தான் சிரித்திருந்தாள். நெஞ்சு கிழிந்துகொண்டிருக்கும்போது ஒருவர் போனை அசையாமல் பிடித்து எடுத்த படம். அவள் மீது அவர் வைத்த பிரியமும் அவள் பயமும் ஒன்றுக்கொன்று கை கொடுத்து அவரை இங்கே கொண்டுவந்து கிடத்தியிருந்தன. யாரிடம் போய் இதற்கு மன்னிப்புக் கேட்பது? யாரிடம் கேட்க வேண்டுமோ அவரே முந்திக்கொண்டு, தன் பங்குதான் பெரிது என்று சொல்லிவிட்டாரே.

"அந்தம்மாட்ட… நன்றி சொல்லல" என்றார்.

"சொல்லலாங்க."

"நல்ல விசிறி."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவள் கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள். அந்தப் பெண் விரல் வைத்த அதே இடம் என்று வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அதை அழிக்கவில்லை என்றுதான் தோன்றியது. அதன் மேலேயே இதுவும் இருக்கட்டும். பஞ்சாட்சரத்தைச் சொல்லிக்கொண்டே விசிறினாள். சொல்வதும் விசிறுவதும் ஒரே ஓட்டத்தில் போயின. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. திராட்சைச் சரிவில் யாரோ ஒருவர் கூடையோடு இறங்கிப் போனார். மூச்சு நீண்டது, நின்றது, மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

சாந்தா எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. கட்டிலின் மறுபக்கம் நின்று அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். சுவரிலிருந்த திருகைத் திருப்பினாள். குடுவையில் குமிழி அடங்கியது. சியாமளா விசிறிக்கொண்டே இருந்தாள். சாந்தா அவளைத் தடுக்கவில்லை. நர்ஸ் வேலை எத்தனையோ இருக்க, ஒரு வேலையும் இல்லாதவள்போல அங்கேயே நின்றாள்.

கடைசியில் சியாமளா தானாகவே விசிறியை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, அவர் முகத்தையே பார்த்தாள்.

கண் திறக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு விசிறியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

போன் அதிர்ந்தது. ரயில் கிளம்பிவிட்டது என்று நிவேதிதா எழுதியிருந்தாள். அப்பாகிட்ட சொல்லும்மா என்று எழுதியிருந்தாள்.

"அக்கா, யன்னலைத் திறக்கட்டோ?" சாந்தா மெல்லக் கேட்டாள். "இஞ்சத்தை ஆக்கள் திறந்துவிடுறவை. உயிர் போறதுக்கு வழி விடுறதாம். உங்களுக்கு விருப்பமெண்டால் மட்டும்."

சியாமளா தலையசைத்தாள்.

சாந்தா கைப்பிடியைத் திருப்பி ஜன்னலை முழுசாகத் திறந்தாள். காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்த காற்று அறை முழுக்க வந்தது. நவம்பர் மாதத்துக் குளிர்ந்த காற்று. திரைச்சீலை எழுந்தது. கட்டிலின் ஓரத்திலிருந்த விசிறி நகர்ந்து கீழே விழுந்தது. சாந்தா குனிந்து எடுத்தாள்.

சியாமளா பையைத் திறந்து மப்ளரை எடுத்தாள். அவர் தலையை ஒரு கையால் மெல்லத் தூக்கி, மறு கையால் அதைச் சுற்றினாள். இரண்டு காதும் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, முனையைத் தாடைக்குக் கீழே செருகினாள்.