மின்னு இடது கையால் பரிமாறமாட்டாள்

திரையில் மின்னு குனிந்து, இடது கையால் சோறு பரிமாறினாள். தேவசேனா காட்சியை நிறுத்திப் பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தாள். இடது கைதான். தாவணி தவறான தோளில் ஏறியிருந்தது. வாழை இலையின் நுனி, உட்கார்ந்திருந்த குரங்குச் சித்தப்பாவுக்கு வலப்பக்கம் கிடந்தது.

முதல் சீசனில் தேவசேனாவே வரைந்த கார்ட்டூன் காட்சி அது. அப்போது சித்தப்பா இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இந்த ஏழாவது சீசன் கதையில் அவர் வலப்பக்கம் உட்கார வேண்டும். புதிதாக வரைய நேரமில்லை என்று, பழைய காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே திருப்பிப் போட்டிருந்தார் குழுத் தலைவர் தணிகைவேல்.

மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணும், மலையிலிருந்து இறங்கிவந்து அவளிடம் ஒட்டிக்கொண்ட ஒரு கிழக்குரங்கும். மலைப்படிகள் தொடங்கும் அலிபிரிக்குப் போகும் சாலையில், இரண்டாம் மாடியில் இருந்த இந்த ஸ்டூடியோவில், அவளும் தணிகைவேலும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்த இருவரையும் உண்டாக்கினார்கள். முதல் சீசனில் சித்தப்பா ஒரு பொய் சொல்லிவிட்டு, மழை விடும்வரை பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசாத அந்த நேரத்துக்காகவே குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மூன்றாவது சீசனில், எல்லாரும் இடைவிடாமல் பேச வேண்டும் என்று சேனல்காரர்கள் சொன்னார்கள். நான்கில் மின்னுவுக்கு மந்திரக்கோல் வந்தது. ஐந்தில் சித்தப்பா ராக்கெட்டில் ஏறினார். ஆறில் மேகங்கள் நகர்வதை நிறுத்திக்கொண்டன. 'ரெண்டு சீசனோட நிறுத்தியிருக்கலாம்' என்று யூட்யூபில் யார் யாரோ எழுதுகிறார்கள். தேவசேனா எல்லாவற்றையும் படிப்பாள். மந்திரக்கோலை வரைந்ததும் அவள்தான் என்பதால் பதில் எழுதமாட்டாள்.

"அண்ணா, இத அனுப்பக் கூடாது."

தணிகைவேல் சமோசா தின்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா கீது இதுல? நல்லாத்தான கீது."

"இலைய பாருங்க."

பார்த்தார். புத்தூர்ப் பக்கத்துக்காரர், பந்தியில் உட்காராதவர் இல்லை. சமோசா ஒரு நொடி வாயருகே நின்றது. பிறகு சிரித்தார். "கொரங்குக்கு எதுக்கும்மா சாஸ்திரம்? அது தொப்பைய பாத்துக்கினு துன்னுட்டுப் போவும்."

"கொரங்குக்கு தெரியாதுண்ணா. மின்னுக்குத் தெரியும். வூட்டுக்கு வந்தவங்களுக்கு அவ எடது கையால போடமாட்டா."

"மின்னு, மின்னுன்ற. உன் கூடப் பொறந்தவளா அவ?"

"நீங்கதான் அவளுக்கு மூக்குத்தி வெச்சீங்க. மறந்துட்டீங்களா?"

அவர் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். அவருடைய செல் அடித்தது. ஸ்டூடியோ முதலாளி இந்திராணி மேடம். "அயிபோயிந்தா, தணிகா?" என்று கேட்ட குரல் தேவசேனாவுக்கும் கேட்டது. முடிந்துவிட்டது, சாயங்காலம் போய்விடும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்தார்.

"தோ பாரு சேனா. அடுத்த சீசனுக்குப் பாதி பேர வேலைய வுட்டு எடுக்கப் போறாங்க. யாரு பேர எடுக்கலாம்னு என்னத்தான் கேப்பாங்க. எதிர்த்துப் பேசுறவ பேரத்தான் நான் மொதல்ல சொல்லணும்."

"சொல்லுங்க."

"நகரிக்குத் திரும்பிப் போயி தறி ஓட்டப் போறியா?"

"ஓட்டுறேன். எங்க நைனாவ கேட்டுப் பாருங்க, நான் நல்லாவே ஓட்டுவேன். ஆனா இந்த சீன் இப்பிடிப் போவாது."

அவள் அந்தக் கோப்பைத் தன் பெயரில் திறந்தாள். ஒருவர் திறந்து வைத்திருக்கும்வரை அதை வேறு யாரும் அனுப்ப முடியாது. தணிகைவேலால் மட்டும் அந்தப் பூட்டை உடைக்க முடியும்; தலைவருக்கான அனுமதி அவரிடம் இருந்தது. அது இருவருக்குமே தெரியும்.

திருப்பிப் போட்ட படங்களை எல்லாம் நீக்கினாள். வெள்ளையில் முதல் கோட்டை இழுத்தாள். வலது தோள், வலது முழங்கை, கரண்டி. கை மட்டும் போதாது. வலது கையால் பரிமாறுகிறவள் வேறு காலில் எடை வைத்து நிற்பாள், வேறு விதமாகக் குனிவாள். அதையும் வரைந்தாள். சோற்றுக்கு ஆவி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆவியும் வரைந்தாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுத் தங்கள் இருக்கைக்குத் திரும்பினார்கள். சாயங்கால வெயில் ஜன்னலுக்கு வந்தபோது தணிகைவேலின் மேசையில் செல் மறுபடி அடித்தது. அவர் தன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை மௌஸின் மேல் இருந்தது. செல் அடித்து ஓய்ந்து மீண்டும் அடித்தது.

தேவசேனா திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை வரைந்ததை ஓடவிட்டாள். மின்னு குனிந்தாள்: முதலில் முழு வண்ணத்தில், அடுத்து வெறும் கோடாக, அடுத்து ஒன்றுமே இல்லாத வெள்ளையாக, பிறகு மூக்குத்தியோடு மறுபடி வண்ணத்தில். ஓடி முடிந்ததும் தேவசேனா பேனாவை எடுத்து, இன்னும் வரையாத அந்த வெள்ளைக்கு வந்தாள்.