லேடி டொக்டரைக் கேட்டு வந்தவர்கள்

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் அருந்ததிக்கு முதல் நியமனக் கடிதம் வந்தது. தண்ணீரூற்றுக்கு அப்பாலிருந்த ஒரு கிராமத்து ஆசுபத்திரி. வரைபடத்தில் தேடிப் பார்த்தாள். அந்த ஊரின் பெயர் அதில் இல்லை. அன்று கொக்குவில் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா தில்லைநாதன் வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர். தாயில்லாமல் வளர்த்த ஒரே மகளைக் காட்டுப் பக்கம் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. நியமனத்தை மாற்றச் சொல்லிக் கொழும்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதத் தொடங்கினார். அருந்ததியும் தடுக்கவில்லை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு முஸ்லிம் தம்பதி படலையடியில் வந்து நின்றார்கள். கச்சு முகம்மது அந்த ஊரில் நெல் வியாபாரி. கூட வந்தவர் மனைவி நபீஸா. லேடி டொக்டர் ஒருவரின் பெயர் வந்திருக்கிறது என்று ஆசுபத்திரி அற்றெண்டன் சொல்ல, அவனிடமே விலாசம் கேட்டு பஸ் ஏறியிருந்தார்கள்.

தில்லைநாதன் கதிரை போட்டு உட்காரவைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே தங்குவது, இரவில் யார் துணை, பஸ் எத்தனை. கச்சு முகம்மது எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பதில் சொன்னார். குவாட்டர்ஸ் மாளிகை மாதிரி, ஒரு குறையும் இல்லை, முன்னே இருந்த டொக்டர்மார் ஊரைவிட மனமில்லாமல் அழுதுகொண்டுதான் போனார்கள் என்றார். நபீஸா அருந்ததியையே பார்த்துக்கொண்டிருந்தார். அருந்ததி தேத்தண்ணி போட எழும்பியபோது அவரும் எழுந்து பின்னாலேயே குசினிக்குள் வந்தார்.

"பிள்ளை, அவர் சொன்னதில பாதி பொய்," என்றார் மெதுவாக. "மழைக்குப் பின்னறை ஒழுகும். கோடையில யானை குளத்துக்கு வந்து போகும். முந்தி வந்த ரெண்டு டொக்டர்மாரும் வருஷம் முடிய முன்னம் போயிட்டினம். கிணத்துத் தண்ணி மட்டும் நல்லது."

"ஏன் இதையெல்லாம் எனக்குச் சொல்லுறியள்?"

"தெரியாமல் வந்தால் இருக்கமாட்டியள்."

அதற்குப் பிறகுதான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய தம்பியின் மனைவி, பெயர் சித்தி. கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை கீழிறங்கிவிட்டது. ஒழுங்காக உட்கார முடியாது, ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாது. ஆண் டொக்டரிடம் காட்டச் செத்தாலும் சம்மதிக்கமாட்டாள். நபீஸா ஒருவரிடம்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

எவ்வளவு காலம் என்று அருந்ததி கேட்டாள்.

"ஆறு வருஷம், பிள்ளை. அவவுக்கு இப்ப முப்பதுகூட ஆகேல்லை."

அருந்ததி கொழும்பில் படித்தபோது இதைப் பார்த்திருக்கிறாள். இறப்பர் வளையம் ஒன்றைப் பொருத்திவிட்டால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கால்மணி நேர வேலை. அவர்கள் போன பிறகும் அந்த ஆறு வருடம் அவள் மனதை விட்டுப் போகவில்லை. பொழுதுபடும் நேரம் அப்பாவிடம் தான் போகிறேன் என்றாள். மறுநாள் விடிய அவள் எழுந்து வந்தபோது, அவர் முற்றத்தில் இரும்புப் பெட்டியை வைத்து அதன் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே போன முதல் மாதம் முழுக்கத் தங்கள் வருத்தத்துக்கென்று ஆண்களே வந்தார்கள். காய்ச்சல், மண்வெட்டி வெட்டிய கால், ஒரு பாம்புக்கடி. பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார்கள். தங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சித்தி வரவேயில்லை. வழியில் கண்டால் நபீஸா தலையைக் குனிந்துகொண்டார். அருந்ததி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வளையங்களை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்து அலுமாரியில் வைத்திருந்தாள்.

ஐந்தாம் கிழமை ஒரு மெலிந்த பெண், மகனுக்கு இருமல் என்று கூட்டிக்கொண்டு வந்தாள். பதிவுத் துண்டில் தாயின் பெயர் சித்தி என்று இருந்தது. அருந்ததி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பையனின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள், மருந்து எழுதினாள். சித்தி எழும்பாமல் கதிரையின் ஓரத்தில் ஒரு பக்கமாகவே இருந்தாள். அருந்ததி பையனை அற்றெண்டனோடு மருந்தெடுக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்ச நானும் நீங்களும்தான் இருக்கிறம்," என்றாள். "அவசரமில்லை. ஏலுமான நேரம் சொல்லுங்கோ."

சித்தி முக்காட்டை முகத்தில் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அருந்ததி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை.

வளையம் பொருத்திக்கொண்டு போன சித்தி, அந்த மாதக் கடைசியில் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் மேலும் நாலு பேருக்குச் சொன்னார்கள். அக்கராயனிலிருந்துகூட, பஸ் மாறி மாறி ஒருத்தி வந்தாள். வெள்ளிக்கிழமை காலைகளைப் பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஆவணியில் தில்லைநாதன் மகளைப் பார்க்கப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. விறாந்தையில் உட்காரப் போட்டிருந்த வாங்குகள் நிறையப் பெண்கள். ஆண்கள் எல்லாரும் வெளியே பாலை மரத்தின் கீழ் நின்றார்கள். அவரும் குடையை ஊன்றிக்கொண்டு அங்கே போய் நின்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. பக்கத்தில் நின்ற கமக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஐயா, உள்ளுக்கை இருக்கிறது வீட்டுக்காரியோ?"

"இல்லை, என்ர மகள்."

"அவவுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்லை," என்றார் தில்லைநாதன். "அவாதான் டொக்டர்."