கழுத்து உறுத்தாத பட்டை

மூன்றாவது கேமராப் பட்டையையும் மாட்டிக்கொண்டு கடை வாசல் வரை நடந்து திரும்பினேன். கேமராவும் நீள லென்ஸுமாகச் சேர்ந்தால் மூன்று கிலோவுக்கு மேல். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் வேணாம். எல்லாம் கழுத்தைத்தான் இழுக்குது" என்றார்.

அத்தை முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். கனத்த தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆடுகிற பஸ்ஸில் நின்றே ஓய்வு பெற்றவர். பட்டை வாங்கப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இது தேவையா எனக்கு!

வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மூன்று மாதமாக என் வலது ஆள்காட்டி விரல் மரத்துக் கிடக்கிறது. பத்திரிகைக்கு விளையாட்டுப் படம் எடுப்பவளுக்கு அந்த விரல்தான் சோறு போடுகிறது. நாளை மறுநாள் இறுதிப் போட்டி. டாக்டரிடம் போனால் கேமராவைத் தொடாதே என்பார், அலுவலகம் வேறு ஆளை அனுப்பும், அப்புறம் அந்த மைதானம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. கழுத்து நரம்பை அழுத்தாத நல்ல பட்டை ஒன்று அமைந்தால் விரல் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் இரண்டு தோளிலும் வந்து இடுப்பில் பெல்ட்டாக முடிகிற ஒன்றைக் கொண்டுவந்தார். மாட்டியதும் கழுத்து லேசானது. அப்பாடா!

"ஒரு படம் எடுத்துப் பாருங்க மேடம்."

எடுத்தேன்.

"ஏன் நடுவிரலால அமுக்குற?" என்றார் அத்தை.

கேமராவைச் சட்டென்று இறக்கினேன். "பழக்கம்தான், அத்தை."

"எங்கிட்டயேவா? எத்தனை நாளா?"

கடைக்காரர் நாசூக்காக உள்ளே போய்விட்டார்.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டிக்கெட் ஒண்ணு கிழிச்சா ரெண்டு வரும், விரலுக்குத் தெரியாது. பையைத் தோள் மாத்திப் பாத்தேன், பட்டையை அகலமாத் தெச்சுப் பாத்தேன். வேலையை விட்டு உக்கார வெச்சுருவாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

"இப்ப சரியாயிடுச்சா?"

அத்தை என் இடுப்பு பெல்ட்டைக் கழற்ற வந்தார். பக்கிளின் இரண்டு பக்கமும் அமுக்கினால் திறந்துகொள்ளும். அவர் விரல்கள் அதன்மேல் வழுக்கின. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கின. ஊசியில் நூல் கோர்ப்பது, மாத்திரை அட்டையைப் பிரிப்பது, எதுவானாலும் "நீ செய்" என்பார். பன்னிரண்டு வருஷமாக அதை மாமியார் அதிகாரம் என்று நினைத்து உள்ளுக்குள் கறுவியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கிளை நானே திறந்தேன்.

"முதல்ல டாக்டரு. பட்டை எங்கயும் ஓடிப்போகாது."

"அத்தை, நாளன்னிக்கு மேட்ச்..."

"மேட்ச் கிடக்குது. நட."

கேமராவில் பழைய பட்டையை மாட்டச் சொல்லி, அதை இடது தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். ஆள்காட்டி விரல் நுனியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். முன்னால் அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். தோல்பை சுமந்த அவருடைய இடது தோள் மற்றதைவிட நான்கு விரற்கடை உயர்ந்து, அப்படியே நின்றுபோயிருந்தது. அதிலிருந்து பட்டை நழுவவே இல்லை.