இடது பக்கம் திரும்புப்பா

சாவியைத் திருப்பியதும் என் மகளின் குரல் பேசியது. "நேரா போப்பா" என்றது. என் மகள் அப்போது பக்கத்து இருக்கையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவளுடைய கட்டில், இரும்பு அலமாரி, மேசை, இரண்டு பெட்டி, அவள் அம்மா போர்வைக்குள் சுற்றிக் கொடுத்த பாத்திரங்கள் எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கியிருந்தேன். உடையக்கூடியதற்கு இடையில் பழைய துணி திணித்திருந்தேன். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்கள் வீட்டுச் சாமானை ஏற்றி இறக்கியவன், சொந்த மகளின் சாமானில் ஒரு குறை வைக்கவில்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வழிகாட்டிப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கத்தான் மறந்துவிட்டேன். ஒன்பது வருடமாக மறக்காதது.

வாசலில் நின்ற அவள் அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. "போச்சு, மாட்டிக்கிட்டாரு" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அழிச்சாச்சுன்னு சொன்னீங்க."

நான் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினேன். வேறு என்ன செய்வது.

பதிமூன்று வருடத்துக்கு முன்பு, சுமை தூக்கிக்கொண்டிருந்த என்னை ஓட்டுநராக ஏற்றிவிட்டார்கள். வண்டி ஓட்டத் தெரியும், தெருப் பலகை படிக்கத் தெரியாது. எனக்கு அப்போது எழுத்தே தெரியாது. ஆளை நிறுத்தி நிறுத்தி வழி கேட்டால் ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான் முடியும். அதனால் சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகக் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன், முகவரியை ஆபீசில் அமுக்கிக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததோடு சரி, அதற்கு அப்புறம் அது என்னிடம் ஒரு காசு கேட்டதில்லை. ஆனால் அதற்குள் பேசிய அம்மாளின் பாஷை எனக்குப் புரியவில்லை. வழி சொல்கிறாளா, திட்டுகிறாளா என்றே தெரியாது. முதல் வாரமே ஒரு பெரிய சோபாவை ஊரின் இந்தக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டியவன் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் நின்றேன். வீட்டுக்கு வந்து பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஒன்பது வயது மகள் அதை எடுத்து நோண்டினாள். உள்ளே எங்கேயோ போய், நம் குரலையே பதிந்து வைக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அறுபது வாக்கியம். ஒவ்வொன்றாகத் திரையில் வரும், சிவப்புப் புள்ளியை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும்.

இரண்டு சாயங்காலம் ஆனது. முதல் நாள் தூரங்கள், வலது பக்கம், ரவுண்டானா. மறு நாள் காலையில் அவளுக்கு மேல் வரிசையில் முன்பல் விழுந்துவிட்டது. அதனால் இடது பக்கம் எல்லாம் பல் இல்லாமல். வலது பக்கம் திரும்பச் சொல்லும்போது கணீரென்று இருக்கும், இடது பக்கம் என்றால் காற்று கசியும். ரவுண்டானா வந்தால் அந்தக் குரலுக்குப் பின்னாலிருந்து அவள் அம்மா, "பால் பொங்குது, அடுப்பை யாரு அணைக்கிறது?" என்று கத்துவாள். ஊரில் எந்த ரவுண்டானாவைச் சுற்றினாலும் எனக்குப் பால் பொங்கும். என்னோடு சுமை தூக்க வருகிற ஆள் ரொம்ப உயரம், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். அவன் அந்தக் குரலுக்குக் குட்டி முதலாளி என்று பெயர் வைத்தான். "குட்டி முதலாளி சொல்லிட்டாங்க அண்ணே, திருப்புங்க" என்பான். மூன்று மாடி ஏறி இறங்கி முதுகு விட்டுப்போய் வண்டிக்குள் உட்கார்ந்தால், "நேரா போப்பா" என்று அது சொல்லும். "சரிடா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

அவளுக்குப் பதிமூன்று வயதானபோது பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரோடு வண்டியில் ஏறினாள். மூன்று திருப்பம்தான். அந்தப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாரம் வகுப்பில் எல்லாரும் பல் இல்லாதது போல "இடது பக்கம் திரும்புப்பா" என்றார்களாம். அழுதுகொண்டு வந்து, "அதை அழிச்சிடுங்கப்பா" என்றாள். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அன்றையிலிருந்து அவள் வண்டியில் ஏறினால் சத்தத்தைச் சுழியத்துக்கு இறக்குவேன், அவள் இறங்கினால் ஏற்றுவேன். நாற்பத்தி நாலு வயதில் சங்கக் கட்டடத்து மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது தெருப் பலகை எல்லாம் நானே படிப்பேன், கொஞ்சம் நிறுத்தி. அதற்காகப் பெட்டியை எடுத்துவிடத் தோன்றவில்லை.

ஊரைத் தாண்டும் வரை மகள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த என் போனைக் கவனித்தாள். அதிலும் ஒரு மேப் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

"இது என்ன?"

"கம்பெனி ஆப். மேனேஜர் எல்லாரும் போட்டே ஆகணும்ட்டாரு. போடலேன்னா வண்டி கிடையாது."

"சும்மாவா?"

"முதல் மாசம் சும்மா. அப்புறம் சந்தா."

சந்தா எவ்வளவு என்று சொன்னேன். நாலு கட்டிலை மூன்றாம் மாடிக்குச் சுமந்தால் கிடைக்கிற கூலி. மாதா மாதம் நாலு கட்டில். கட்டவில்லை என்றால் போன மாதம் வரை வழி சொன்னது இந்த மாதம் ஊமையாகிவிடும், புதுப்பிக்கவும் என்று மட்டும் எழுதிக் காட்டும். ஆனால் கெட்டிக்கார ஆப். எந்தப் பாலத்துக்கு அடியில் வண்டி நுழையும், எங்கே மரக்கிளை இடிக்கும் என்பது வரைக்கும் தெரியும். அதைக் குறை சொல்ல முடியாது.

அவள் போனையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்போ உண்மை சொல்ற ஆப்புக்குக் காசு குடுத்து, அதோட வாயைக் கட்டி வச்சிருக்கீங்க. பதிமூணு வருசப் பழைய மேப்பை வச்சுக்கிட்டு இது ஓசியில பொய் சொல்லுது, அதைக் கேட்டுக்கிட்டு ஓட்டுறீங்க."

"எல்லாம் பொய் இல்ல. பழைய தெருவெல்லாம் அங்கேயேதானே இருக்கு."

"புது மேப் ஏத்தலாம்ல?"

கேட்டிருந்தேன். ஆறு மாதச் சந்தா அளவுக்கு ஆகும், ஆனால் ஏற்றினால் உள்ளே பதிந்த குரல் போய்விடும் என்று கடைக்காரன் சொன்னான். புதிதில் சொந்தக் குரலுக்கு இடமே இல்லையாம். அதைச் சொன்னேன்.

"போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சுக்கோங்க. ஆசைப்பட்டா போட்டுக் கேளுங்க."

"சும்மா உக்காந்து கேக்குறதுக்கா? நான் எங்கேயாவது போகணும், அது சொல்லணும்."

"இடது பக்கம் திரும்புப்பா" என்றது பெட்டி, காற்று கசிய. இடது பக்கம் வாய்க்கால்தான் இருந்தது. நான் நேராகப் போனேன். பெட்டிக்குள் இருப்பவள் என்னைப் போப்பா, வாப்பா என்கிறாள். பக்கத்தில் இருப்பவள் போங்க, வாங்க என்கிறாள். எந்த வருடம் மாறியது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்கிறேன் என்று இல்லை. அடுத்த ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, சொந்தச் சம்பளம், தனி வீடு. வளர்ந்த பிள்ளை அப்படித்தான் பேசும்.

"அம்மா சொன்னா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "போன மாசம் பெரிய ரோட்டுல வண்டியை ரிவர்ஸ் எடுத்தீங்களாமே."

ஒட்டடைக்குச்சி வேலை. அவன் வாயில் ஒரு விஷயம் தங்காது.

"கொஞ்ச தூரம்தான்."

"பின்னாடி லாரி வந்துச்சாம்."

"அவன் நின்னுட்டான்ல."

"நின்னான். நிக்கலேன்னா?" அவள் குரல் ஏறவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எது சொல்லி எடுத்தீங்க ரிவர்ஸ்?"

நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"நான் சொல்லித்தானே எடுத்தீங்க? நான் பேசுறேன், நீங்க திரும்புறீங்க, லாரி வந்து இடிக்குது. அப்புறம் நான் எப்படிப்பா இருக்கிறது?"

அந்தப் பக்கத்திலிருந்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்குத் துணை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

"இன்னைக்கு என்னை இறக்கி விட்டதும் அதைக் கழட்டிடணும்" என்றாள்.

புது ஆறு வழிச் சாலையில் ஏறினோம். பெட்டிக்கு அந்தச் சாலை தெரியாது. திரையில் கோடெல்லாம் மறைந்து, வெறும் பச்சையில் எங்கள் அம்புக்குறி தனியாகப் போனது. பிறகு நீல நிறம் வந்தது, ஏரி. நாங்கள் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம், பெட்டி எங்களைத் தண்ணீரில் ஓட்டியது.

"திரும்பி வாப்பா" என்றது. இருநூறு மீட்டர் போவதற்குள் மறுபடியும், "திரும்பி வாப்பா." பல் விழுந்த பிறகு பதிந்தது. அறுபது வாக்கியமும் பேசி அலுத்துப்போன கடைசி நேரமாக இருக்கும், கொட்டாவி கலந்த குரல். ஏரி முடிகிற வரை அதையேதான் சொன்னது. சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் மகளின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் குறைக்கவில்லை. அவளும் குறைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் இப்படியே சொல்லும்?"

"ரோடு கிடைக்கிற வரைக்கும்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

அவள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. காவலாளியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கட்டிலைப் பிரித்து ஏற்றினேன், மேசையை ஏற்றினேன். மற்ற சாமானுக்குக் காவலாக மகள் வண்டியிலேயே இருந்தாள். இரும்பு அலமாரியை முதுகில் சாய்த்து ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம். அங்கே ஒரு சின்ன ஜன்னல். கீழே என் வண்டி தெரிந்தது. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, தலையைக் குனிந்து அவள் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. அம்மாவோடு போனில் பேசுகிறாளோ என்னவோ. ஒரு கை பெட்டியின் மேல் இருந்தது.

"பெரியவரே, கை நழுவுது" என்றான் காவலாளி. ஏறினோம்.

எல்லாம் முடிந்து கீழே வந்தபோது பெட்டி கண்ணாடியில் இல்லை. வயரை அழகாகச் சுற்றி, ரப்பர் போட்டு, என் இருக்கையில் வைத்திருந்தாள். நூறு சாமானை நான் கட்டி அவள் பார்த்திருக்கிறாள், அதே சுற்று.

"போன்ல சத்தம் கூட்டி வச்சிருக்கேன். அது சொல்றதைக் கேட்டுப் போங்க."

"சரி."

"எந்தச் சரி? ஒன்பது வருசத்துக்கு முன்னாடி சொன்னீங்களே, அந்தச் சரியா?"

"இது நல்ல சரி."

சிரித்தாள். கண் சிவந்திருந்தது. பெட்டியை என்ன செய்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. "அலமாரிக் கதவு ஒட்டும், கொஞ்சம் தூக்கித் திற" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினேன். பக்கக் கண்ணாடியில் அவள் சின்னதாகி, ஒரு கையை உயர்த்தி, மூலை திரும்பியதும் மறைந்தாள்.

போன் நன்றாகத்தான் சொன்னது. தெளிவான, தூக்கம் வராத குரல். வேகத்தடை, கேமரா, முன்னால் நெரிசல் எல்லாம் முன்கூட்டியே சொன்னது. அது சொன்னபடிதான் வீட்டுக்குப் போவேன், அதில் மாற்றம் இல்லை. ஆனாலும் கடைசிக் கட்டடம் தாண்டி ஒரு வெட்டவெளி வந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். ரப்பரைக் கழற்றி, வயரை நீட்டி, பெட்டியைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டினேன். அதன் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. வயரைப் பிடுங்கினால் எல்லாம் முதலிலிருந்து, வானத்தில் சாட்டிலைட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிமிடக்கணக்கில் ஆகும். போய்ச் சேர வேண்டிய இடமாக வீட்டை அமுக்கிவிட்டுக் காத்திருந்தேன்.

அழித்திருப்பாள். அழித்தாலும் நியாயம்தான். அப்படியே விட்டிருப்பாளோ? ஜன்னல் வழியாகப் பார்த்தபோது உதடு அசைந்ததே. அறுபது வாக்கியம் பேச அவ்வளவு நேரம் போதாது. ஒன்றிரண்டு பேசலாம். எதைப் பேசியிருப்பாள், எந்தப் பழைய வாக்கியத்தின் மேல் பேசியிருப்பாள்?

திரையின் மூலையில் சிக்னல் கோடு ஒன்று எழுந்தது, அப்புறம் இன்னொன்று. பெட்டி அணையாதபடி சாவியைப் பாதி திருப்பி எஞ்சினை மட்டும் அணைத்தேன். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். வெளியே காற்றில் புல் சாய்ந்து நிமிர்ந்தது. மூன்றாவது கோடு வந்தது. வெள்ளைத் திரையில் பழைய சாலை ஒன்று மெல்லத் தன்னைத்தானே வரைந்துகொண்டு வந்தது. அதன் மேல் என் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பெட்டிக்குள்ளிருந்து, பேசப் போகிற யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது.