நிஜமாக இருக்க வேண்டியதில்லை

எங்கள் இங்கிலீஷ் வகுப்பில் முதல் நாளே டீச்சர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "நீங்க சொல்ற பதில் நிஜமா இருக்கணும்னு இல்ல. வாக்கியம் சரியா இருந்தா போதும்." கேட்டதும் எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் எல்லார் வீட்டுக்காரரும் டிரைவர், எல்லார் பிள்ளைகளும் டாக்டர். புத்தகத்தில் படம் போட்டிருந்த வேலைகள் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வானேன்? "மை ஹஸ்பண்ட் இஸ் எ டிரைவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். எங்கள் பின்பெஞ்சில் இருக்கிற செக்யூரிட்டிக்காரர் தன்னிடம் ஐந்து நாய் இருப்பதாக வாரா வாரம் சொல்வார். தெருநாய் குரைத்தாலே எதிர்ப்பக்கம் ஓடுகிற மனுஷன் அவர்.

இந்த வயதில் எனக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்கலாம். நான் வேலை பார்ப்பது சலவைக்கூடத்தில். பெரிய பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி எந்திரத்தில் விடுகிற வேலை. நாள் முழுக்க ஆவியில் வெந்துகொண்டு நிற்க வேண்டும். முன்னால் கவுண்டரில் உட்கார்ந்து துணி வாங்கிப் போடுகிற வேலைக்கு ஆள் வேண்டுமாம், எலிமெண்டரி இங்கிலீஷ் வகுப்பு முடித்திருந்தால் போதுமாம். உட்கார்ந்து செய்கிற வேலை என்றதும் என் முழங்கால் எனக்கு முன்னாலேயே கையைத் தூக்கிவிட்டது.

வகுப்பு மருந்துக்கடைக்கு மேலே, மாடி அறையில். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம். முதல் நாள் படியேறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தால், ஜன்னலோரத்தில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? என் ஓரகத்தி. என் கொழுந்தனாரின் மனைவி. ஊரில் இத்தனை வகுப்பு இருக்க, அவளும் இங்கேதான் வந்து சேர வேண்டுமா! அப்படியே திரும்பிப் படியிறங்கியிருப்பேன். "வாங்க வாங்க, அங்க ஒரு இடம் காலியா இருக்கு" என்று டீச்சர் அவள் பக்கத்தில் கையைக் காட்டிவிட்டாள்.

நாங்கள் பேசி நாலு வருஷம் ஆகிறது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, என் வீட்டுக்காரர் பதற்றத்தில் தம்பியைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுடா, மறைக்குது" என்று சொல்லிவிட்டார். காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்டு, பந்தி பார்த்து, ஓடியாடி உழைத்தவர் கொழுந்தனார். அவர் தள்ளி நின்றார். இன்னும் தள்ளி நின்றார். அப்படியே மண்டபத்தை விட்டே வெளியே போய்விட்டார். பின்னாலேயே இவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு வார்த்தை! அதற்காக அண்ணன் தம்பி இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு வருஷம். அவர்கள் பேசாததால் நாங்களும் பேசவில்லை. ஒரே சமையலறையில் ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துக்கொண்டு எத்தனை வருஷம் சமைத்தவர்கள்!

டீச்சருக்கு இதெல்லாம் தெரியுமா? "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேளுங்க" என்றாள். ஓரகத்தி பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டேன். கூடப்பிறந்தவளைப் போல இருந்தவளிடம் பேர் என்ன என்று கேட்கிறேன், கர்மம். அவளும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். அப்புறம் என் பேரைக் கேட்டாள். வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. பேசினால் எழுந்து நின்று இங்கிலீஷில் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. எலிமெண்டரி இங்கிலீஷில் சண்டை போடவும் முடியாது, சமாதானம் ஆகவும் முடியாது. உனக்கு டீ பிடிக்குமா, இது பேனாவா பென்சிலா, அவ்வளவுதான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. போன செவ்வாய்க்கிழமை பாடம், யார் எங்கே இருக்கிறார்கள் என்பது. டீச்சர் ஒரு கட்டு அட்டை கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு இடத்தின் படம். பேங்க், பார்க், கடை, பள்ளிக்கூடம் என்று. அட்டையில் இருக்கிற இடத்தைப் பதிலாகச் சொல்ல வேண்டும். முதலில் என் முறை.

"வேர் இஸ் யுவர் ஹஸ்பண்ட்?" என்று கேட்டேன்.

ஓரகத்தி தன் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை வாரத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மை ஹஸ்பண்ட் இஸ் இன் ஹாஸ்பிடல்."

"வெரி குட்!" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் எங்களைத் தாண்டிப் போனாள். சரி, ஆஸ்பத்திரி அட்டை வந்திருக்கிறது போல என்று நானும் விட்டுவிட்டேன். அவள் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டாள். பேங்கில் இருக்கிறார் என்றேன். பேங்க் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள். பின்னால் செக்யூரிட்டிக்காரர் தன் அட்டையைத் தூக்கிக் காட்டி, "மை வைஃப் இஸ் இன் ஹாஸ்பிடல்!" என்று முழங்கினார். கூடவே படிக்க வந்து, பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அவர் தொடையில் நறுக்கென்று கிள்ள, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஓரகத்தி சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் வேலையில் நிற்கிறேன். ஒரு விரிப்பு முடிந்து அடுத்த விரிப்பு போகிறது. செக்யூரிட்டிக்காரர் அட்டையைத் தூக்கிக் காட்டியது நினைவுக்கு வந்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். அட்டையில் சிவப்புச் சிலுவை போட்ட கட்டடம். சட்டென்று கை நின்றுவிட்டது. இருப்பது ஒரே கட்டு. ஒரு இடத்துக்கு ஒரு அட்டைதான். ஆஸ்பத்திரி அட்டை அவரிடம் இருந்தது என்றால், ஓரகத்தி கையில் இருந்தது என்ன அட்டை?

விரிப்பு கோணலாகப் போய் எந்திரத்தில் சுருட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் ஓடிவந்து, "என்னம்மா, நின்னுக்கிட்டே தூங்கறீங்களா?" என்று கத்தினான். கத்திவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. கொழுந்தனாருக்கு என்ன? காலா, கையா, நெஞ்சா? அல்லது ஒன்றுமே இல்லையா? அவளுக்குத் தெரிந்த இடம் ஆஸ்பத்திரி ஒன்றுதானோ, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாளோ? நிஜமாக இருக்க வேண்டியதில்லை என்றுதானே டீச்சர் சொல்லியிருக்கிறாள். போனை எடுத்தேன். நம்பர் இருக்கிறது. அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? நாலு வருஷம் வீம்பாக இருந்துவிட்டு இப்போது நோய் விசாரிக்கிற சாக்கில் வந்து ஒட்டிக்கொள்கிறாள் என்று நினைக்க மாட்டாளா? நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்னடி, கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்திக்கிட்டே இருக்க?"

"ஏங்க, உங்க தம்பி..."

தட்டில் இருந்த கை அப்படியே நின்றது. "அவன் பேச்ச எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல? அவனா போனான். அவனா வரட்டும்."

"அவரால வர முடியலைன்னா?"

"ஏன், கால் உடைஞ்சா கிடக்கான்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்புக் கரண்டியை அந்தத் தலையிலேயே போட்டிருப்பேன். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் பொய்யாக இருந்தால்? இந்த மனுஷன் அரக்கப்பரக்க ஓடிப்போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்று, அவர் பனியனோடு வந்து கதவைத் திறந்தால்? அதோடு ஜென்மத்துக்கும் முடிந்தது. விழுங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை முழுக்க எதைத் தொட்டாலும் தப்பு. பாலைப் பொங்கவிட்டேன், பூட்டாமல் வீட்டைவிட்டுப் போனேன், யாரோ ஒருத்தி வணக்கம் சொன்னதற்கு வள்ளென்று விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக மாடியேறினேன். ஓரகத்தி வரவில்லை. டீச்சர் அட்டைகளுக்குப் பதில் ஒரு பொம்மைக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மணி கேட்கிற பாடம். முள்ளைத் திருப்பித் திருப்பி வைத்து எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வகுப்பில் அவள் வந்தாள். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. ஓசைப்படாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சேலையில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அப்புறம் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"பக்கத்துல கேளுங்க, வாட் டைம் இஸ் இட்?" என்றாள் டீச்சர்.

நான் மணியைக் கேட்கவில்லை. "விச் ஹாஸ்பிடல்?" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். பெரிய ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"ஹிஸ் ஹார்ட். டுமாரோ ஆபரேஷன். ஹி நோ ஈட். ஹி நோ டாக். எவ்ரி டே ஹி லுக் டோர்."

"டோர்?"

"டோர். ஃபார் பிரதர்."

எனக்குத் தாங்கவில்லை. இங்கிலீஷாவது மண்ணாங்கட்டியாவது. "அடிப்பாவி! ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது.

"சொன்னேனேக்கா!" என்று அவளும் வெடித்தாள். நாலு வருஷம் கழித்து வந்த அக்கா. "போன் பண்ணிச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்க் கூப்பிடக் கூடாது, அண்ணன் தானா வரணும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. கேட்டா சொல்லக் கூடாதுன்னு சொல்லல. யாராவது கேப்பாங்களான்னு பார்த்தேன். நாலு வருஷத்துல யாருமே கேக்கல. நீங்கதான் கேட்டீங்க, உன் புருஷன் எங்கன்னு. நான் உடனே சொன்னேன். நீங்க சிரிச்சிட்டுப் போயிட்டீங்க."

"நான் அட்டைன்னு நினைச்சேன்டி..."

"எங்கிட்ட இருந்தது பார்க் அட்டை. ஆஸ்பத்திரியில ஆள விட்டுட்டு இந்த வாரம் நான் இங்க எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? இங்கிலீஷ் படிக்கவா?"

டீச்சர் வழக்கம்போல, "நோ தமிழ்! ஸ்டாண்ட் அப், கவுண்ட்!" என்று ஆரம்பித்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. நான் எழுந்துதான் நின்றேன். ஓரகத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முழங்காலாவது ஒன்றாவது என்று படியிறங்கினேன்.

என் வீட்டுக்காரர் அன்று ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்தி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் கதவு பிளந்து கிடந்தது. அடிக்குழியில் விளக்கு எரிந்தது, அவர் தலை மட்டும் தெரிந்தது. விளிம்பில் நின்று குனிந்தேன்.

"ஏங்க, மேல ஏறி வாங்க. உங்க தம்பிக்கு நெஞ்சு வலி. நாளைக்கு ஆபரேஷன். நீங்க வருவீங்கன்னு கதவையே பார்த்துக்கிட்டு இருக்காராம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் தம்பி மனைவி நிற்பதையும் பார்த்தார். கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்து குழி முழுக்கச் சத்தம் போட்டது. கத்துவார், வீம்பு பேசுவார் என்று நான் நாக்கை நன்றாகத் தீட்டி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே ஏறி வந்தார். கை கழுவக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஓரகத்தியிடம் அனுமதிச் சீட்டு இருந்ததால் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். எங்களை வார்டு வாசலிலேயே ஒரு நர்ஸ் மறித்தாள். வேற்று மொழிக்காரப் பெண். கிரீஸ் அப்பிய கையும் அழுக்குச் சட்டையுமாக நிற்கிற இவரை ஏற இறங்கப் பார்த்து, "ஹூ ஆர் யூ?" என்றாள்.

எந்த லிஃப்ட் நின்றாலும் தட்டி எழுப்புகிற மனுஷன், அந்த ஒரு கேள்விக்கு வாயடைத்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாததால் மட்டும் அல்ல என்று எனக்குப் பட்டது. நாலு வருஷமாக 'நான் அவனுக்கு யாரோ' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். கண் கலங்கி என்னைப் பார்த்தார்.

"ஹி இஸ் ஹிஸ் பிரதர்" என்றேன்.

வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து, என் பேரைத் தவிர, நான் இங்கிலீஷில் சொன்ன முதல் நிஜம் அதுதான். நர்ஸ் வழிவிட்டாள்.

கதவுக்கு நேர் எதிர்க் கட்டிலில் கொழுந்தனார் இளைத்துப்போய்ப் படுத்திருந்தார், மூக்கில் குழாயோடு. எங்களைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கட்டில்வரைக்கும் போய்விட்டார், அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. தம்பியின் தலைமாட்டில் அடித்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு மரம்போல நின்றார்.

கொழுந்தனார் உதடு மெல்ல அசைந்தது. குனிந்தால்தான் கேட்கிற குரல்.

"கொஞ்சம் தள்ளி நில்லுண்ணே. மறைக்குது."

என் வீட்டுக்காரர் தள்ளி நிற்கவில்லை. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். வெள்ளை விரிப்பெல்லாம் கறுப்புக் கறையாகிவிட்டது. எந்தச் சோப்புக்கும் போகாத கறை அது, எனக்குத் தெரியும். போகாவிட்டால் போகட்டும் என்று நான் ஓரகத்தியின் தோளில் சாய்ந்து நின்றேன்.